தாயைக் காட்டச் சொல்லு, தங்கச்சி

போன மாதம் ஆரையம்பதியிலிருந்து என் கடைசித் தங்கச்சி கோல் எடுத்தாள். “அக்கா, மகன் ஒரே அழுகை. ரொரன்டோவில பெரியப்பாட வீட்டில சுருட்டை முடி நாய் ஒண்டு நிக்குது. வீடியோ கோல்ல அதப் பாத்த நாளில இருந்து அதே மாதிரி ஒண்டு வேணுமாம். லாப்ரடூடிலாம். முட்டு வருத்தக்காரப் பிள்ளையளுக்கும் ஒண்டும் செய்யாதாம். கொழும்புப் பக்கம் ஒருத்தர் குட்டி வச்சிருக்காராம், படமும் அனுப்பியிருக்கார். பாதிக் காசை இண்டைக்கே போடட்டாம். போடவா?”

“காசு போடாத. முதல்ல தாயக் காட்டச் சொல்லு” என்றேன்.

அன்றைக்கு அவளுக்குச் சொன்னதும், சொல்ல மறந்து பிறகு வட்ஸ்அப்பில் அனுப்பினதும்தான் இது. கல்லடியிலோ வாழைச்சேனையிலோ களுவாஞ்சிகுடியிலோ நாய்க்குட்டி வாங்கும் எண்ணத்தோடு இருக்கிற எல்லாத் தங்கச்சிமாருக்கும் தம்பிமாருக்கும் உதவும் என்று எழுதுகிறேன்.

எனக்கு இதில் ஏன் இவ்வளவு அக்கறை என்றால், நான் ஒருமுறை படத்தைப் பார்த்துக் குட்டி வாங்கினவள். ஆறு வருஷத்துக்கு முந்தின கதை. ஒன்லைன் விளம்பரம், வடிவான படம், “இரண்டு மாதக் குட்டி, ஊசி எல்லாம் போட்டாச்சு” என்ற பேச்சு. காசு அனுப்பினோம். இரவு பஸ்ஸில் பிஸ்கட் பெட்டி ஒன்றுக்குள் வைத்து அனுப்பினார்கள். விடியப்புறம் பஸ் நிலையத்தில் பெட்டியைத் திறந்தபோது குட்டி தன் மூத்திரத்திலேயே நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தது. மிருக வைத்தியர் வாயைத் திறந்து பல்லைப் பார்த்துவிட்டு, இதற்கு ஐந்து கிழமைகூட ஆகியிருக்காது என்றார். மூன்றாம் நாள் சத்தி. நாலாம் நாள் இரத்தமாகப் போகத் தொடங்கியது. பார்வோ. ஐந்தாம் நாள் இரவு என் மகளின் மடியில் செத்தது. விற்றவரின் போன் அதற்குப் பிறகு வேலை செய்யவில்லை.

அதோடும் முடியவில்லை. பார்வோக் கிருமி மண்ணில் மாதக்கணக்காக, சில இடங்களில் வருஷம் தாண்டியும் உயிரோடு கிடக்கும். சாதாரணச் சவர்க்காரத்துக்குச் சாகாது. ஒரு பங்கு குளோரின் பிளீச்சை முப்பது பங்கு தண்ணீரில் கலந்து சீமெந்துத் தரையைக் கழுவினால் சாகும். வளவு மண்ணை எப்படிக் கழுவுவது? ஒரு வருஷத்துக்கு மேல் எங்கள் வளவுக்குள் இன்னொரு குட்டியை விடாமல் இருந்தோம். இதையெல்லாம் தெரிந்துகொண்டது அந்தக் குட்டியைப் புதைத்த பிறகுதான்.

பொம்பிளை பார்க்கப் போகிறவர்களுக்கு எங்கள் ஆச்சிமார் சொல்லிவந்த பழமொழி ஒன்று இருக்கிறது: தாயைத் தண்ணித் துறையில் பார்த்தால் மகளை வீட்டில் பார்க்கத் தேவையில்லை. மனிசருக்கு அது எவ்வளவு பொருந்துமோ தெரியாது. நாய்க்குட்டிக்கு அச்சொட்டாகப் பொருந்தும். குட்டியின் குணத்திலும் உடம்பிலும் பெரும் பங்கு தாயிடமிருந்தும், தாயோடு கழிந்த முதல் எட்டுக் கிழமையிலிருந்தும் வருகிறது.

இனி லாப்ரடூடிலுக்கு வருவோம். அந்தப் பேர் எப்படி வந்தது, எதற்காக வந்தது என்று தெரிந்தால் பாதி ஏமாற்றம் உனக்குக் கிட்டவும் வராது.

1980களில் ஹவாயில் கண் பார்வை குறைந்த ஒரு பெண்மணி, அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் பார்வையற்றோருக்கு வழிகாட்டி நாய் பழக்கும் நிறுவனத்திடம் ஒரு நாய் கேட்டார். அவருடைய கணவருக்கு நாய் என்றால் ஒவ்வாமை. நிறுவனத்தில் நாய் வளர்ப்புக்குப் பொறுப்பாயிருந்த வொலி கொன்ரன், முடி குறைவாகக் கொட்டும் பெரிய பூடில் நாய்களைப் பழக்கிப் பார்த்தார். மூன்று வருஷத்தில் 33 பூடில். ஒன்றும் அந்த வேலைக்குச் சரிவரவில்லை. கடைசியில் லாப்ரடோரையும் பூடிலையும் சேர்த்தார். 1989இல் மூன்று குட்டி பிறந்தது. மூன்றின் முடியையும் எச்சிலையும் எடுத்து ஹவாய்க்கு அனுப்பினார். அந்த மனிசருக்கு ஒத்துக்கொண்டது மூன்றில் ஒன்றுதான். சுல்தான் என்ற அந்த நாய் ஹவாய்க்குப் போய் நல்ல வழிகாட்டியாக வேலை செய்தது.

மற்ற இரண்டு குட்டியும் அதே தாய்க்கும் அதே தகப்பனுக்கும் பிறந்தவை. ஆனாலும் ஒத்துக்கொள்ளவில்லை. இதை நன்றாக மனதில் வைத்துக்கொள், தங்கச்சி. ‘லாப்ரடூடில் என்றால் ஒவ்வாமை வராது’ என்று எவராவது சொன்னால், முதன்முதல் ஈத்திலேயே அது பொய்த்துப் போனது என்று சொல்லு. 2012இல் நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் பல இன நாய்களின் முடியிலும் வீட்டுக் காற்றிலும் ஒவ்வாமை தரும் புரதத்தை அளந்து பார்த்தார்கள். லாப்ரடூடிலும் பூடிலும் அதில் இருந்தன. அந்த இனங்களின் முடியில் புரதம் குறைவாக இருக்கவில்லை. ஒவ்வாமைக்கு முடி கொட்டுவது காரணமல்ல. எச்சிலிலும் தோல் பொடுகிலும் மூத்திரத்திலும் இருக்கும் புரதம்தான் காரணம். சுருட்டை முடி நாயும் நக்கும், சொறியும்.

பிறகு அந்தக் கலப்புக்கு உலகம் முழுக்கக் கிராக்கி வந்தது. பேருக்காக யார் யாரோ எந்தப் பரிசோதனையும் இல்லாமல் குட்டி போட வைத்து விற்கத் தொடங்கினார்கள். இதைத் தொடங்கி வைத்ததற்காகத் தான் வருந்துவதாக 2019இல் கொன்ரனே வானொலியில் சொன்னார். நாயின் மேல் அவருக்குக் குறை இல்லை. பேரை வைத்துக் கண்டபடி பெருக்கி விற்பவர்களைப் பற்றித்தான் அந்த வருத்தம்.

அப்படியென்றால் முட்டு வருத்தம் உள்ள பிள்ளை இருக்கிற வீட்டில் என்ன செய்வது? முதலில் பிள்ளையைப் பார்க்கும் டொக்டரிடம் கேள். அவர் சம்மதித்தால் கொன்ரன் செய்ததையே நீயும் செய்: இனத்தின் பேரை விட்டுவிட்டு, வாங்கப் போகிற அந்த நாயோடு பிள்ளைக்கு ஒத்துக்கொள்கிறதா என்று பார். அதற்கு முன், நாய் உள்ள சொந்தக்காரர் வீட்டுக்கு நாலைந்து முறை கூட்டிக்கொண்டு போ. ஒவ்வொரு முறையும் ஒரு மணித்தியாலமாவது இருக்கட்டும். அன்றிரவும் அடுத்த நாளும் மூச்சைக் கவனி. குட்டி எடுக்கப் போகிற இடத்திலும் பிள்ளை தாய் நாயோடு இருந்து பார்க்க வேணும், ஏனென்றால் சின்னக் குட்டியின் முடி வேறு, வளர்ந்த நாயின் முடி வேறு. ஒரு வயதுக்குக் கிட்ட முடி மாறும்போது பிரச்சினை தொடங்குவதும் உண்டு. அந்த நேரம் நாயைக் கொண்டுபோய் எங்கே விடுவாய்? பிள்ளை அதோடு ஒட்டிவிட்டிருப்பான்.

எங்கள் நாட்டில் இந்தக் குட்டியை எங்கே தேடுவது என்று கேட்டாள் தங்கச்சி. உள்ளதைச் சொல்கிறேன். இங்கே விளம்பரங்களைத் திறந்தால் ஜேர்மன் ஷெப்பர்ட், ரொட்வைலர், லயன் பொமேரியன், லாப்ரடோர் என்று நிறையக் காணலாம். பெரிய பூடிலை நான் நேரில் கண்டதே இல்லை. லாப்ரடூடிலுக்குத் தகப்பனோ தாயோ பூடிலாக இருக்க வேணும். ஆகவே விற்கிறவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: “பூடில் எங்கே?” அதைக் காட்ட முடியாவிட்டால், அவர் கையில் இருப்பது சடைமுடி உள்ள ஏதோ ஒரு கலப்புக் குட்டி. நல்ல குட்டியாகவும் இருக்கலாம். ஆனால் லாப்ரடூடில் விலை கொடுக்காதே.

இன்னொன்று, கடதாசி. லாப்ரடூடில் ஒரு தனி இனமாக உலக நாய்ச் சங்கங்களின் கூட்டமைப்பில் பதிவாகவில்லை. இலங்கையில் இனநாய்களுக்கு வம்சப் பத்திரம் கொடுப்பது கென்னல் அசோசியேஷன். “லாப்ரடூடிலுக்குக் கென்னல் பத்திரம் இருக்கு” என்று ஒருவர் சொன்னால் அங்கேயே எழும்பி வந்துவிடு. நேர்மையான ஆள் குட்டிக்குப் பத்திரம் காட்டமாட்டார். தாய் லாப்ரடோருக்கு ஒன்று, தகப்பன் பூடிலுக்கு ஒன்று என்று இரண்டு பத்திரம் காட்டுவார்.

வெளிநாட்டுச் சொந்தக்காரர் கொண்டுவந்து தருகிறேன் என்றால், நாயைச் சும்மா பிளேனில் ஏற்றிக்கொண்டு வர முடியாது. கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்திடம் முன்கூட்டியே இறக்குமதி அனுமதி எடுக்க வேணும், விசர்நாய்த் தடுப்பூசியும் அங்கத்தைய அரச மிருக வைத்தியரின் சான்றிதழும் வேணும். பேராதனையில் இருக்கும் அந்தத் திணைக்களத்தோடு முதலில் கதைத்துவிட்டுத்தான் மற்ற எந்த ஆயத்தமும்.

சரி, ஒருவரைக் கண்டுபிடித்துவிட்டாய், நேரில் போகிறாய் என்று வைப்போம். நான் உன்னோடு வந்தால் என்ன பார்ப்பேனோ அதைச் சொல்கிறேன்.

குட்டிகளைப் பார்க்கமாட்டேன். பார்த்தால் மனம் உருகிவிடும், பிறகு கேள்வி கேட்க வாய் வராது. முதலில் தாய். தாயின் முலைக்காம்புகளைப் பார். பால் கொடுக்கிற நாயின் காம்பு தடித்துத் தொங்கும், வயிற்றடியில் முடி உதிர்ந்திருக்கும். வயிறு ஒட்டி, காம்பு சின்னதாக, வடிவாக நிற்கிற ஒரு நாயைக் காட்டி “இதுதான் தாய்” என்றால் அது தாயில்லை. காட்சிக்கு வைத்திருக்கிற நாய். இந்த ஒரு பரிசோதனை காசு செலவில்லாதது, எவராலும் செய்ய முடியும்.

அடுத்தது தாயின் நடத்தை. வளர்க்கிறவர் கிட்டப் போகும்போது வாலை ஆட்டிக்கொண்டு வருகிறதா, பதுங்கித் தரையோடு ஒட்டுகிறதா? குட்டி வைத்திருக்கிற தாய் உன்னைப் பார்த்து உறுமினால் அது இயற்கை, அதைப் பிழையாக எடுக்காதே. ஆனால் சோறு போடுகிற கைக்கே பயப்படுகிறது என்றால் அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று விளங்கிக்கொள்.

பிறகு கேள். தாய்க்கு எத்தனை வயது? இது எத்தனையாவது ஈத்து? போன ஈத்து எப்போது? பெட்டை நாய் பொதுவாக வருஷத்தில் இரண்டு முறை பருவத்துக்கு வரும். ஒவ்வொரு பருவத்துக்கும் கட்டவிட்டு, 63 நாளில் குட்டி எடுத்து, விற்று, திரும்பக் கட்டவிடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். அந்தத் தாயின் உடம்பை நினைத்துப் பார். நாமும் பிள்ளை பெற்றவர்கள்தானே. இரண்டு வயதுக்கு முன் குட்டி போட்ட தாயும் எனக்கு வேண்டாம். லாப்ரடோருக்கும் பெரிய பூடிலுக்கும் இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாக வரும். அமெரிக்காவில் இடுப்புக்கு எக்ஸ்ரே பார்த்துக் கொடுக்கும் இறுதிச் சான்றிதழை 24 மாதம் முடிந்த நாய்க்குத்தான் கொடுக்கிறார்கள். அதற்கு முன் குட்டி எடுத்தவர் அந்தச் சான்றுக்குக் காத்திருக்கவில்லை என்று அர்த்தம். இடுப்பும் முழங்கையும் எக்ஸ்ரே எடுத்த கடதாசியைத் தாய்க்கும் தகப்பனுக்கும் கேள். “டொக்டர் பார்த்தவர், நல்லம் எண்டவர்” என்பது கடதாசி இல்லை.

கண்ணையும் கேட்க வேணும். “கலப்புக் குட்டிக்கு வருத்தமே வராது” என்று ஒரு கதை ஊரெல்லாம் இருக்கிறது. வேறு வேறு வருத்தம் உள்ள இரண்டு இனத்தைச் சேர்த்தால் சில வருத்தம் குறையும், உண்மைதான். ஆனால் கண்ணின் விழித்திரை மெல்ல மெல்லத் தேய்ந்து குருடாக்குகிற ஒரு பரம்பரை நோய் லாப்ரடோரிலும் உண்டு, பூடிலிலும் உண்டு. இரண்டிலும் அதே மரபணுப் பழுது. தாயும் தகப்பனும் அதை மறைவாகச் சுமந்துகொண்டு, தாங்கள் நல்ல பார்வையோடு திரிவார்கள். குட்டிகளில் நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் இரண்டு பக்கப் பழுதும் சேர்ந்து வரலாம். நாய் வளர்ந்த பிறகுதான் தெரியவரும், முதலில் இரவில் தட்டுத் தடுமாறும். கன்னத்து உட்பக்கத்தில் பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பினால் இது தெரிந்துவிடும். தாய் தகப்பன் இரண்டில் ஒன்றாவது சுத்தம் என்று வந்திருந்தால் இந்த நோயால் குட்டி குருடாகாது. இதைக் கேட்டதும் விற்கிறவர் விளங்காமல் பார்க்கிறாரா, அல்லது உள்ளே போய் ஃபைல் எடுத்து வருகிறாரா என்பதை வைத்தே உனக்கு ஆளைத் தெரிந்துவிடும்.

நல்ல ஆள் உன்னையும் கேள்வி கேட்பார். வளவுக்கு வேலி இருக்கா, பகலில் வீட்டில் யார், முன்பு நாய் வளர்த்திருக்கிறாயா, பிள்ளைக்கு எத்தனை வயது. தங்கச்சிக்கு இது கோபம். “நான் காசு குடுக்கிறன், அவர் என்ன என்னை விசாரிக்கிறது” என்றாள். விசாரிக்க வேணும், பிள்ளை. பெண் கொடுக்கிற வீட்டார் விசாரிப்பதில்லையா? எதுவும் கேட்காமல் குட்டியைத் தூக்கித் தருகிறவருக்கு அது ஒரு சாமான் மட்டும்தான். பொறுப்பான ஆள், உனக்கு வைத்திருக்க முடியாமல் போனால் எந்த வயதிலும் திருப்பித் தன்னிடமே கொண்டுவரச் சொல்வார். அதை எழுதியும் தருவார். எழுதித் தருகிற அந்த ஒரு வரி எனக்கு மற்ற எல்லாப் பத்திரத்தையும் விடப் பெரிது.

எட்டுக் கிழமைக்கு முன் எடுக்காதே. குட்டி கடிக்கும் அளவைப் பழகுவது தாயிடமும் கூடப்பிறந்ததுகளிடமும்தான். பலமாகக் கடித்தால் மற்றக் குட்டி கத்தும், தாய் தள்ளிவிடும். நேரத்துக்கு முன் பிரித்த குட்டி அதைப் பழகாமல் உன் பிள்ளையின் கையில் பழகும். இரண்டாம் கிழமையிலிருந்து பூச்சி மருந்து கொடுத்த திகதியும், முதல் தடுப்பூசியின் ஸ்ரிக்கர் ஒட்டின கார்ட்டும் கையில் வர வேணும். கார்ட்டில் மிருக வைத்தியரின் பதிவு முத்திரை இருக்கா, அதிலுள்ள போன் இலக்கத்துக்குக் கோல் எடுத்தால் ஆள் இருக்கிறாரா என்று பார்.

குட்டியைப் பார்க்கும் நேரம் இப்போதுதான். சாப்பிடாத நேரத்திலும் வயிறு ஊதிக் கிடந்தால் பூச்சி. குதத்தைச் சுற்றி அழுக்கு ஒட்டியிருந்தால் வயிற்றோட்டம். கண்ணில் பீளை, மூக்கில் சளி இருக்கக் கூடாது. தொப்புளில் உருண்டை இருந்தால் குடலிறக்கமா என்று கேள். காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் உண்ணி இருக்கா என்று விரித்துப் பார். முரசு வெளிறியிருந்தால் இரத்தம் குறைவு. எங்கள் நாட்டில் உண்ணிக் காய்ச்சல் நாய்களுக்கு நிறைய வருகிறது, உண்ணியிலிருந்து வரும் கிருமி செங்குருதிக் கலங்களை உடைத்துவிடும்.

போக முடியாத தூரமென்றால்? கொழும்பு இங்கிருந்து 300 கிலோமீற்றருக்கு மேல். அப்படியும் ஒருமுறையாவது போ என்றுதான் சொல்வேன். ஏலாவிட்டால் வீடியோ கோல், அதுவும் நேரடியாக. அனுப்பின வீடியோவை ஏற்காதே. தாய் படுத்திருக்க, குட்டிகள் பால் குடிக்க, நீ கேட்கிற குட்டியை அவர் அந்த முலையிலிருந்தே தூக்கிக் காட்ட வேணும். முழுக்காசும் குட்டி கைக்கு வந்த பிறகுதான். பஸ்ஸில் போட்டுவிடச் சொல்லாதே, தயவுசெய்து. ஒரு வான் பிடித்து ஒருவர் மடியில் வைத்துக் கொண்டுவாருங்கள். அதிகாலையில் அங்கிருந்து வெளிக்கிட்டால் வெயில் கொளுத்துமுன் பாதித் தூரம் வந்துவிடலாம், வெலிகந்தை புனானைப் பக்கத்து யானைகளுக்கும் இருட்டில் அகப்படாமல் தப்பலாம். வழியில் தேத்தண்ணிக் கடையடியில் குட்டியை நிலத்தில் விடாதே. ஊசிச் சுற்று முடியாத குட்டிக்கு ஊர் நாய்கள் திரிகிற மண்தான் பார்வோ. மூத்திரத்துக்குப் பழைய பேப்பரும் துவாயும் போதும்.

இனி எங்கள் ஊர். லாப்ரடூடில் உருவானது எங்கள் காலநிலைக்கு இல்லை. கச்சான் அடிக்கிற ஆடி ஆவணியில், வாவியிலிருந்து வருகிற காற்றே சுடுகிற நேரத்தில், அந்தத் தடித்த சுருட்டை முடியோடு ஒரு நாய் நிற்பதை நினைத்துப் பார். முடியைக் கட்டையாக வைத்திரு, ஆனால் தோல் தெரிய மழிக்காதே, வெயில் சுட்டுவிடும். ஆறு தொடக்கம் எட்டுக் கிழமைக்கு ஒருமுறை வெட்ட வேணும். ஒவ்வொரு நாளும் தோல்வரைக்கும் சீவ வேணும். ஒரு கிழமை விட்டால் காதுக்குப் பின்னாலும் தொடையிடுக்கிலும் பாய் போல முடி சடைத்து, உள்ளே ஈரம் தங்கிப் புண்ணாகும். வெட்டிவிட ஆள் கிடைக்குமா என்று குட்டி வாங்குமுன் தேடிப் பார். கிடைக்காவிட்டால் நீயே பழக வேணும். இதற்கு நேரமில்லை என்றால் இந்த நாய் உனக்கில்லை, தங்கச்சி. கட்டைமுடி நாய் எடு.

இரண்டு பக்கத்து வம்சமும் தண்ணீருக்கு இறங்குகிற வம்சம். வாவிக்கரையில் வீடு உள்ளவர்கள் கவனம். தொங்குகிற காது, உள்ளே முடி, மேலே உவர்த் தண்ணி. காது நாறத் தொடங்கினால் அது நோய்தான். குளித்தால் கிணற்றுத் தண்ணியால் அலசி, காதைத் துடைத்து உலரவிடு. கண்ணாப் பற்றை உள்ள பக்கங்களில் முதலை இருக்கிறது, அங்கே அவிழ்த்துவிடவே கூடாது. கரைவலைக்காரர் எறிந்துவிட்டுப் போகும் பேத்தை மீன் இன்னொரு ஆபத்து. லாப்ரடோர் வாரிசு வாயில் அகப்பட்டதை எல்லாம் விழுங்கும். பேத்தையின் நஞ்சுக்கு மருந்து இல்லை. கல்லடிக் கடற்கரைக்குக் கூட்டிப்போனால் கயிறு கையில் இருக்கட்டும். நேரம், காலை ஆறரைக்குள் போய்த் திரும்பிவிடு. வெயில் ஏறின மணலில் உன் புறங்கையை ஐந்து செக்கன் வைத்துப் பார். உனக்குச் சுட்டால் அதன் பாதத்துக்கும் சுடும்.

ஐப்பசி பிறந்து வாடைக்காற்று மழை தொடங்கிவிட்டால் வெள்ளம். படுவான்கரையில் வயலும் எலியும் தேங்கின தண்ணியும். எலிக்காய்ச்சல் மனிசரைப் போலவே நாயையும் கொல்லும். நாயின் வருடாந்த ஊசியில் எலிக்காய்ச்சலுக்கானதும் இருக்கா என்று கேட்டு, மழைக்கு முன்பே போட்டுவிடு.

சாப்பாடு: நாங்கள் மிச்சக் கறிச் சோறு போட்டுப் பழகினவர்கள். வெங்காயம் நாய்க்கு நஞ்சு, அதன் இரத்தத்தைக் கெடுக்கும். கறி எடுத்து வைக்குமுன், வெங்காயம் போடாமல் அவித்த மீனோ கோழியோ தனியாக வை, முள் எடுத்து. சொக்லேற்றும் முந்திரிகைப்பழமும் வாயில் காட்டாதே.

சட்டமும் உண்டு. 1901இல் வந்த நாய்ப் பதிவுச் சட்டத்தின்படி வளர்க்கிற நாயை வருஷா வருஷம் உள்ளூராட்சி மன்றத்தில் பதிய வேணும். அதைவிட முக்கியம் விசர்நாய்த் தடுப்பூசி. 1973இல் மட்டும் இந்த நாட்டில் 377 பேர் நீர்வெறுப்பு நோயால் செத்தார்கள். நாய்களுக்கு ஊசி போட்டுப் போட்டுத்தான் அது வருஷத்துக்கு இருபது முப்பது என்று குறைந்திருக்கிறது. அந்த இருபது முப்பதும் தடுத்திருக்கக் கூடிய சாவு. “வீட்டுக் குட்டிதானே, பல்லுப் பட்டதுதானே” என்று விடாதே. குட்டிக்கும் விசர் வரும். கீறினாலும் கடித்தாலும் ஓடுகிற தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு, நேரே போதனா வைத்தியசாலைக்குப் போ. மஞ்சள், எண்ணெய், பச்சிலை ஒன்றும் வேண்டாம்.

இவ்வளவையும் கேட்டுவிட்டுத் தங்கச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. “அப்ப வாங்க வேணாம் எண்டு சொல்றியா, அக்கா?”

அப்படிச் சொல்லவில்லை. தாயையும் தகப்பனையும் காட்டி, கடதாசியும் காட்டி, உன்னையும் விசாரிக்கிற ஒருவர் அகப்பட்டால் வாங்கு. அகப்படும்வரை பொறு, ஒரு வருஷமானாலும். பொறுக்க ஏலாவிட்டால் நல்ல லாப்ரடோர் பார், அதற்கும் இதே கேள்விகள்தான். கூடுதலாக ஒன்று: கடுமையாக ஓடினபின் பின்னங்கால் தளர்ந்து விழுகிற ஒரு பரம்பரைக் கோளாறு லாப்ரடோரில் இருக்கிறது, எங்கள் வெக்கையில் அது இன்னும் ஆபத்து, அதற்கும் பரிசோதனை உண்டு.

இல்லையென்றால், என் மனதில் உள்ளதைச் சொல்கிறேன், பக்கத்து வீட்டு ஊர் நாய் போட்ட குட்டியை எடு. பெட்டைக் குட்டியை எடு. சந்தையடியிலும் கோயிலடியிலும் சாக்கில் கட்டி விட்டுப் போகிற குட்டிகளில் அனேகம் பெட்டைகள். எங்கள் கச்சானும் மழையும் தாங்கி வந்த உடம்பு, கட்டைமுடி, தாயை வேலிக்கு மேலால் ஒவ்வொரு நாளும் பார்த்திருப்பாய். ஊசி போட்டு, வயது வந்ததும் கருத்தடை செய்துவிட்டால் பதினைந்து வருஷம் உன் படலையைக் காக்கும். எங்கள் வீட்டில் இப்போது நிற்பது அப்படி வந்த ஒன்றுதான். பேர் கறுப்பி. என் மகள் இரவில் படிக்கும்போது அவளுடைய காலடியில்தான் படுக்கை.

தங்கச்சி அந்தக் கொழும்புக்காரரிடம் தாயைக் காட்டச் சொல்லிக் கேட்டாள். தாய் வேறு இடத்தில் நிற்கிறதாம், காட்ட வசதியில்லையாம், வேறு ஆட்களும் கேட்கிறார்களாம், உடனே காசு போடட்டாம். அவள் போடவில்லை. மகனுக்கு டொக்டரிடம் நாள் எடுத்திருக்கிறாள். அதுவரைக்கும் சனிக்கிழமைகளில் அவனைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து கறுப்பியோடு விடுகிறாள், அவன் மூச்சை நானும் அவளும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

நீ எந்த இனம் வாங்கினாலும் சரி. குட்டியின் படத்தை வாங்கின பிறகு அனுப்பு. முதலில் தாயின் படத்தை அனுப்பு.